தரவு அறிவியலா, பொருளறிவியலா? பாடாங் செராய் மாணவிக்கு ஒரு பதில்

வாசகி கேட்டது:

வணக்கம் அக்கா. நான் கெடா, பாடாங் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டேன். இயற்பியல், வேதியியல், கணிதம் டி எடுத்தேன், சிஜிபிஏ 3.50. தாத்தாவும் பாட்டியும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினவர்கள். அப்பா செம்பனைக் குலை அறுக்கிறார். அம்மா கூலிமில் ஒரு சிப் தொழிற்சாலையில் ஆபரேட்டர், மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் குறை பிரிக்கிற வேலை. எங்கள் வேதியியல் ஆசிரியர் குவாண்டம் டாட் (அளவைப் பொறுத்து நிறம் மாறும் நானோ துகள்) பற்றிச் சொன்ன நாளிலிருந்து எனக்கு நானோ தொழில்நுட்பத்தில் ஆசை. பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரியும். நானோ துறையில் டேட்டா சயன்டிஸ்ட் ஆகலாம் என்று படித்தேன். அப்படி ஒரு வேலை மலேசியாவில் இருக்கிறதா? ஒரு தனியார் கல்லூரி முகவர் வீட்டுக்கு வந்து டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பில் சேரச் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார். மாமா, உப்சி கல்விப் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆசிரியராகு என்கிறார். அப்பா, "பிடித்ததைப் படி, ஆனால் வேலை கிடைக்க வேண்டும்" என்கிறார். நான் டேட்டா சயன்ஸ் எடுப்பதா, பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயன்ஸ்) எடுப்பதா? வெளிநாடு போயே ஆக வேண்டுமா? என் ஆங்கிலம் சுமார்தான். வீட்டில் நல்ல மடிக்கணினியும் இல்லை.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பொறியியலோ இயற்பியலோ எடுங்கள். தரவு அறிவியலை அதன் மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். முகவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். நீங்கள் கேட்கிற வேலை மலேசியாவில் இருக்கிறது. உங்கள் அம்மா ஏறுகிற தொழிற்சாலை பஸ் போகும் தூரத்திலேயே இருக்கிறது.

ஆனால் "நானோ தொழில்நுட்பத் தரவு அறிவியலாளர் தேவை" என்று யாரும் விளம்பரம் போடமாட்டார்கள். அந்தப் பெயரைத் தேடினால் ஒன்றும் அகப்படாது, மனம் விட்டுப்போகும். யீல்டு இன்ஜினியர் (தேறும் நல்ல சிப்புகளின் விழுக்காட்டைக் கூட்டுபவர்), மெட்ராலஜி இன்ஜினியர் (அளவீடு), புரோசஸ் இன்டெக்ரேஷன் இன்ஜினியர் (தயாரிப்புப் படிகளை இணைப்பவர்), டிஃபெக்ட் அனாலிசிஸ் இன்ஜினியர் (குறை ஆய்வு) என்று தேடுங்கள். பல்கலைக்கழகமென்றால் ஆய்வு அதிகாரி, ஆய்வு உதவியாளர். இந்தப் பெயர்களுக்குள்தான் நீங்கள் நினைக்கிற வேலை இருக்கிறது. வேலைத் தளங்களில் கூலிம், பாயான் லெப்பாஸ் என்று ஊரைப் போட்டு, இந்த விளம்பரங்களில் "தகுதி" என்ற பகுதியை மட்டும் வாசியுங்கள். பொருளறிவியல், இயற்பியல், மின்னணுப் பொறியியல், வேதிப் பொறியியல் என்று வரிசையாக வரும். பைத்தான், தரவுத்தளத்தில் தேடும் எஸ்க்யூஎல், புள்ளியியல் எல்லாம் அதற்குக் கீழே, "தெரிந்திருந்தால் நல்லது" என்ற இடத்தில் நிற்கும். என் அறிவுரையின் பாதி அந்த வரிசையிலேயே இருக்கிறது.

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதை உங்கள் அம்மாவின் வேலையிலிருந்தே சொல்கிறேன்.

நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள அளவில் பொருளைக் கையாள்வதை நானோ தொழில்நுட்பம் என்கிறார்கள். கூலிமில் செய்கிற சிப்புகள் எல்லாம் உலகத்திலேயே மிகச் சிறிய சிப்புகள் என்று சொல்ல முடியாது. இன்ஃபினியன் 2024 ஆகஸ்டில் அங்கே திறந்த சிலிக்கன் கார்பைடு ஆலை, மின்சாரக் கார்களுக்கும் சூரிய மின்கருவிகளுக்கும் வேண்டிய மின்சக்திச் சிப்புகளுக்கானது. ஆனாலும் அப்படிப்பட்ட சிப்புக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் இடத்தில் இருக்கும் ஆக்சைடு படலம் சில பத்து நானோமீட்டர் தடிப்புதான். அது சில நானோமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ சிப்பின் நடத்தையே மாறிவிடும். ஒரு வேஃபர் (சிப்புகள் செய்யும் மெல்லிய வட்டத் தகடு) சிப்பாகி வெளியே வரப் பல நூறு படிகள். ஒவ்வொரு படியிலும் உலையின் சூடு, வாயுவின் ஓட்டம், அழுத்தம், நேரம் எல்லாம் பதிவாகிக்கொண்டே இருக்கும். நடுநடுவே வேஃபரைப் படமெடுப்பார்கள். படத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அது தூசியா, கீறலா, பூச்சு உரிந்ததா என்று யாராவது ஒரு பெயர் வைக்க வேண்டும்.

அந்தப் பெயரை வைப்பவர்களில் ஒருவர் உங்கள் அம்மா. இயந்திரக் கற்றல் மாடல், அதாவது உதாரணங்களைப் பார்த்துப் பழகும் கணினி நிரல், படிப்பது அவர் வைத்த பெயர்களைத்தான். அவருடைய கண்தான் அதற்கு ஆசிரியர்.

நான் ஒரு சிப் தொழிற்சாலையின் யீல்டு பகுதியில் இருந்தபோது, குறைகளைத் தானாக வகைப்படுத்தும் மாடல் ஒன்று கீறலையும் கறையையும் குழப்பிக்கொண்டே இருந்தது. மாடலை மாற்றிப் பார்த்தோம், கூடுதல் படம் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் நகரவில்லை. பிறகு ஒரே படத்தொகுப்பைப் பகல் ஷிஃப்டுக்கும் இரவு ஷிஃப்டுக்கும் தனித்தனியாகக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னோம். ஒரு ஷிஃப்ட் மெல்லிய கீறல் என்று போட்டதை, மற்ற ஷிஃப்ட் கழுவிய நீர் காய்ந்த தடம் என்று போட்டிருந்தது. ஆபரேட்டர்கள் மேல் பிழையில்லை. கையேட்டிலிருந்த மாதிரிப் படங்கள் பழைய மைக்ரோஸ்கோப்பில் எடுத்தவை; புதிய மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சம் வேறு கோணத்தில் விழுந்தது, அதனால் நீர்த்தடத்தின் ஓரமும் கீறல் மாதிரியே பளிச்சென்று தெரிந்தது. மாதிரிப் படங்களைப் புதிதாக எடுத்து ஒட்டிய பிறகுதான் மாடலும் திருந்தியது. இதைக் கண்டுபிடிக்க உதவியது வெளிச்சம் ஒரு மேற்பரப்பில் எப்படிச் சிதறும் என்ற இயற்பியல். எந்த மென்பொருள் பாடத்திலும் அது வராது.

இன்னொன்றும் சொல்கிறேன், நேர்காணலில் கேட்பார்கள். ஆயிரம் படத்தில் ஐந்தில்தான் ஆபத்தான குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படத்தையும் "நல்லது" என்று சொல்லிவிடும் ஒரு மாடலின் துல்லியம் 99.5 விழுக்காடு! தொழிற்சாலைக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. எந்தக் குறையைத் தவறவிட்டால் நட்டம் எவ்வளவு, நல்ல வேஃபரைத் தவறாக நிறுத்தினால் நட்டம் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்தவரைத்தான் அங்கே தேடுகிறார்கள்.

இது தொழிற்சாலைப் பக்கம். ஆய்வுக்கூடத்தின் கதை வேறு. உங்கள் ஆசை அங்கிருந்துதான் தொடங்கியது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குவாண்டம் டாட் கண்டுபிடிப்புக்காக 2023இல் பாவெண்டி, புரூஸ், யெகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே கேட்மியம் செலினைடு, ஏறக்குறைய 2 நானோமீட்டர் அளவில் நீலமாக ஒளிரும், 6 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். வேண்டிய நிறத்துக்கு வேண்டிய அளவில் துகள் வளர வேண்டும். வெப்பம், நேரம், கரைசலின் செறிவு, துகளைச் சுற்றி ஒட்டும் மூலக்கூறு என்று பல திருகாணிகள். ஒவ்வொன்றையும் எல்லா அளவிலும் திருகிப் பார்க்க ஆயுள் போதாது. இங்கேதான் தரவு அறிவியல் கைகொடுக்கிறது. அதுவரை செய்த சோதனைகளைப் பார்த்து, அடுத்த சோதனையை எங்கே செய்தால் அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லும் முறைகள் இருக்கின்றன. பேய்சியன் ஆப்டிமைசேஷன் அவற்றில் முக்கியமானது. இணையத்தில் பார்க்கும் தரவு அறிவியல் பாடங்களில் லட்சக்கணக்கான வரிசைகள் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாற்பது ஐம்பது வரிசைகள் இருந்தாலே பெரிய காரியம், ஏனென்றால் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு இருக்கிறது. சிறிய தரவோடு நேர்மையாக வேலை செய்யத் தெரிவது தனித் திறமை. அதற்கு நல்ல புள்ளியியல் வேண்டும்.

அளவு என்று சொன்னேனே, அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குப்பி நானோ துகளை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் சராசரி 20 நானோமீட்டர் என்று வரலாம். அதே குப்பியை ஒளிச்சிதறலால் அளக்கும் டிஎல்எஸ் கருவியில் வைத்தால் 60, 70 என்று காட்டலாம். எது பொய்? இரண்டுமே உண்மை. மைக்ரோஸ்கோப் காய்ந்த துகளின் உடலைப் பார்க்கிறது. டிஎல்எஸ், தண்ணீரில் அசையும் துகளை அதைச் சுற்றிய படலத்தோடு சேர்த்து அளக்கிறது. போதாததற்கு, இவ்வளவு சிறிய துகள் சிதறடிக்கும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கேற்பக் கூடும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகளைவிடப் பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். அதனால் குப்பியில் நாலைந்து பெரிய கட்டிகள் கிடந்தாலே டிஎல்எஸ் எண்ணை அவை இழுத்துக்கொண்டு போய்விடும். இது தெரியாமல், ஒன்று மைக்ரோஸ்கோப்பிலும் மற்றது டிஎல்எஸ்ஸிலும் அளந்த இரண்டு ஆய்வுக் கட்டுரைகளின் எண்களையும் ஒரே பட்டியலில் போட்டு மாடலுக்கு ஊட்டினால், மாடல் எதையோ கற்றுக்கொள்ளும். அது அறிவியலாக இருக்காது.

இதை உங்கள் தாத்தாவிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார். பால் கொட்டகையில் கிராணி (தோட்டக் கணக்கர்) பாலை எடை போட்டுவிட்டு, கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டுக் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார். வாளியில் மழைத்தண்ணீர் விழுந்ததா, கலக்கியது சரியா, நுரைக்கு மேலே வாசித்தாரா கீழே வாசித்தாரா என்பதைப் பொறுத்து எண் மாறும். அந்த எண்ணை வைத்துத்தான் அன்றைய கூலி. பால் வெட்டின யாரும் கிராணி புத்தகத்தில் எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினதில்லை, எப்படி அளந்தார் என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நானோ துறையில் நல்ல தரவு அறிவியலாளருக்கு வேண்டியதும் அந்தக் கண்தான்.

பெரிய இடங்களிலும் இதே கேள்விதான் எழுகிறது. கூகுள் டீப்மைண்ட் 2023இல் ஜிநோம் என்ற மாடலை வைத்து 22 லட்சம் புதிய படிக அமைப்புகளை முன்கணித்ததாகவும், அவற்றில் 3,80,000 நிலையானவையாக இருக்கக்கூடும் என்றும் அறிவித்தது. அடுத்த வருடமே சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி சீத்தமும் ராம் சேஷாத்ரியும் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்து, இவற்றில் உண்மையில் புதியவை எத்தனை, பயன்படக்கூடியவை எத்தனை என்று கடுமையாகவே கேட்டார்கள். அவர்களால் அப்படிக் கேட்க முடிந்தது, படிகங்களோடு வாழ்நாள் முழுவதும் பழகியதால். கணிப்பது இப்போது எளிதாகிவிட்டது. நிரல் எழுதவும் கருவிகள் வந்துவிட்டன. கணித்தது சரியா என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அந்தக் குறைவான கூட்டத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இதனால்தான் பொருளறிவியல் முதலில் என்கிறேன். மூன்று நான்கு வருடம் ஆய்வுக்கூடத்தில் கையால் பொருளைத் தொட்டு, எக்ஸ்கதிர் விளிம்பு வளைவை வாசித்து, மாதிரியைக் கெடுத்து மறுபடி செய்து பெறும் அனுபவத்தைப் பிறகு இணையத்தில் வாங்க முடியாது. பைத்தானும் இயந்திரக் கற்றலும் வேலையில் இருந்துகொண்டே கற்கலாம். நான் அறிந்த பலர் அப்படித்தான் கற்றார்கள். எதிர்த்திசையில் வந்தவர்களும் இருக்கிறார்கள், கணினி படித்துவிட்டு நானோவுக்கு வந்தவர்கள். முடியாது என்று சொல்லமாட்டேன். அவர்கள் பட்ட பாடு அதிகம், அவ்வளவுதான்.

எங்கே படிப்பது? யூஎஸ்எம்மின் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகம் நிபோங் திபாலில் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. அங்கே பொருள் மற்றும் கனிம வளப் பொறியியல் துறையில் பொருள் பொறியியலும் பாலிமர் பொறியியலும் இருக்கின்றன. தூய இயற்பியல் பிடித்தால் அதன் கெலுகோர் வளாகம். பெர்லிஸில் யூனிமாப் நானோ மின்னணுவியலுக்கென்றே ஒரு ஆய்வுக்கழகம் வைத்திருக்கிறது. பாங்கியில் யூகேஎம்மின் நுண்பொறியியல், நானோ மின்னணுவியல் ஆய்வுக்கழகம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் யூபிஎம்மிலும் நானோ ஆய்வு மையங்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியவை. ஆகவே பட்டப்படிப்பின் பெயரிலேயே "நானோ" இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். அடிப்படைப் பட்டம் உறுதியாக இருந்தால் நானோவுக்குள் பிறகு போகலாம். பொறியியல் பட்டமென்றால் மலேசியப் பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சேர்ந்த பிறகு, விருப்பப் பாடமாகப் புள்ளியியல் கிடைத்தால் விடாதீர்கள். சோதனை வடிவமைப்பு என்று ஒரு பாடம் இருக்கும். பலர் போரடிக்கிறது என்று தவிர்ப்பார்கள். தொழிற்சாலையில் முதல் நாளிலிருந்தே பயன்படும் பாடம் அது. தொழிற்பயிற்சிக்குக் கூலிமையோ பினாங்கையோ கேளுங்கள். இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு, நிறையப் படங்களோ அளவீடுகளோ எடுக்கும் விரிவுரையாளரைத் தேடிப் போங்கள்.

தலைப்புக்கு எங்கும் அலைய வேண்டாம். உங்கள் அப்பா அறுக்கிற குலை ஆலைக்குப் போய்ப் பழம் உதிர்ந்த பிறகு வெறும் நாராக வெளியே வருகிறது. அந்தக் காலிக் குலையிலிருந்து நானோ செல்லுலோஸ் பிரிக்கும் ஆய்வு இந்த நாட்டில் பல வருடமாக நடக்கிறது. சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள இழைகள் அவை. மைக்ரோஸ்கோப் படத்தில் நூல்கண்டு சிக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எந்த இழை எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாத படத்தில் இழைகளின் அகலத்தையும் நீளத்தையும் கணினியால் அளப்பது நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை அதைச் செய்தால் எனக்குத் தனிச் சந்தோஷம்.

மடிக்கணினி பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். தொடங்குவதற்குப் பெரிய கணினி வேண்டாம். பைத்தான் எழுத உதவும் கூகுள் கோலாப் தளம் உலாவிக்குள்ளேயே ஓடும். நிரல் ஓடுவது கூகுளின் கணினியில். ஊர் நூலகத்திலோ பழைய பள்ளியிலோ கணினி இருந்தால் போதும். பல்கலைக்கழக அனுமதி வருவதற்குள் இந்த ஒரு பயிற்சியைச் செய்துபாருங்கள். ஃபிஜி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஆய்வாளர்கள் தினமும் பயன்படுத்துவது. பழைய கணினியிலும் ஓடும். இத்தாலியின் திரியெஸ்தேயில் உள்ள ஆய்வாளர்கள் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களைப் பத்து வகையாகப் பிரித்து எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதில் துகள் படம் ஒன்றை எடுங்கள். படத்தின் கீழே அளவுக்கோடு இருக்கும். அதன்மேல் கோடு இழுத்து, இத்தனை பிக்சல் இத்தனை நானோமீட்டர் என்று மென்பொருளுக்குச் சொல்லுங்கள். பிறகு நூறு துகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக அளந்து வரைபடம் போடுங்கள். சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. அடுத்து அதே படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி மென்பொருளையே எண்ணச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட இரண்டு துகளை அது ஒன்றாக எண்ணும். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டதைச் சிறிய துகளாக எண்ணும். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் சராசரியே நகரும். உங்கள் கையளவும் மென்பொருளின் அளவும் எங்கே, ஏன் வேறுபட்டன என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

அந்த ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். உங்கள் ஆங்கிலக் கவலைக்கும் அதுதான் என் பதில். இந்தத் துறைக்கு அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. என்ன செய்தேன், என்ன கண்டேன், எது நிச்சயமில்லை என்று சிறு வாக்கியங்களில் எழுத வந்தால் போதும். வாரம் ஒரு பக்கம் எழுதுகிறவருக்கு ஒரு வருடத்தில் கை பழகிவிடும். முயெட் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

படப் பயிற்சி பிடித்திருந்தால் அடுத்ததாக மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் தளத்தில் கணக்குத் திறங்கள். அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வுக்கூடம் 2011இல் தொடங்கியது, பதிவு செய்தால் இலவசம். பல்லாயிரம் பொருள்களின் கணக்கிடப்பட்ட பண்புகள் அங்கே இருக்கின்றன. படங்களால் மாடலைப் பயிற்றிப் பழகும்போது ஒரு விஷயத்தில் கவனம்: சிலர் ஒரே மைக்ரோஸ்கோப் படத்தை ஐம்பது துண்டாக வெட்டி, சில துண்டுகளால் மாடலைப் பயிற்றி, மற்றவற்றால் சோதிப்பார்கள். மதிப்பெண் அட்டகாசமாக வரும். ஒரே சாம்பிள், ஒரே வெளிச்சம், ஒரே நாள் என்பதால் வந்த மதிப்பெண் அது. வேறு சாம்பிளைக் காட்டினால் மாடல் தடுமாறும். பிரிப்பதென்றால் சாம்பிள் வாரியாகப் பிரியுங்கள். பிரசுரமான கட்டுரைகளிலேயே இந்தக் குறையைப் பார்க்கிறேன்.

வெளிநாடு போக வேண்டுமா? தொழிற்சாலை வேலைக்கு வேண்டாம். ஆய்வுதான் வாழ்க்கை என்று முடிவு செய்தால் முனைவர் பட்டம் வேண்டும். அதற்கு வெளிநாடும் போகலாம், இங்கேயும் செய்யலாம். ஜப்பானில் சுகுபா நகரத்திலுள்ள நிம்ஸ் ஆய்வுக்கழகம் பொருளறிவியலில் தரவு முறைகளுக்குப் பெயர்பெற்றது. ஜப்பான் அரசாங்கத்தின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளத்துக்குக் கோலாலம்பூரிலுள்ள அவர்களுடைய தூதரகத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் பொருளறிவியல் கழகம் இருக்கிறது. முனைவர் பட்ட மாணவருக்குப் பெரும்பாலும் உதவித்தொகை உண்டு, வீட்டை அடமானம் வைக்கும் செலவெல்லாம் அதற்குத் தேவைப்படாது. ஆனால் இதெல்லாம் நான்கு வருடம் கழித்து எடுக்கிற முடிவு. இப்போதே அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அப்பாவுக்கான பதில். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பட்டம் முடித்த உடனே "டேட்டா சயன்டிஸ்ட்" என்று அட்டை தொங்கவிட்டு உட்கார வைக்கமாட்டார்கள். பெரும்பாலோர் புரோசஸ் இன்ஜினியராகத் தொடங்குவார்கள். ஷிஃப்ட் இருக்கலாம், நடு இரவில் இயந்திரம் நின்றால் ஃபோன் வரும், தூசி நுழையாத க்ளீன்ரூமில் தலை முதல் கால் வரை மூடிய உடையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அந்த இரண்டு மூன்று வருடம் வீணில்லை, தரவு எங்கே பிறக்கிறது என்று பார்க்கும் காலம் அது. தேவை இருக்கிறதா என்றால், அரசாங்கம் 2024 மே மாதம் அறிவித்த தேசியக் குறைக்கடத்தி வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. இலக்கு வேறு, நடப்பது வேறு என்பது எனக்கும் தெரியும்; சிப் தொழிலில் ஏற்ற இறக்கம் உண்டு, ஆள் எடுக்காத வருடங்களும் வரும். அப்படி வந்தால் பொருளறிவியல் பட்டதாரிக்குக் கையுறைத் தொழிற்சாலை, டயர், ரப்பர், பிளாஸ்டிக், பூச்சு, சூரியத் தகடு என்று வேறு கதவுகள் இருக்கின்றன. வெறும் தரவு அறிவியல் பட்டத்தோடு அதே கதவுகளைத் தட்டுவது கடினம். அப்பாவிடம் இதையே சொல்லுங்கள்.

மாமா சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். ஆசிரியர் பணி உயர்ந்த பணி. உங்களுக்குக் குவாண்டம் டாட்டைக் காட்டியவரே ஓர் ஆசிரியர்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் கற்பிக்கும் ஆசை ஒரு வரியிலும் இல்லை. பாதுகாப்பு வேண்டும் என்பதற்காக மட்டும் அந்த வேலைக்குப் போவது உங்களுக்கும் நல்லதில்லை, வகுப்பில் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. மாமாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

முகவர் மறுபடி வந்தால் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: மொத்தக் கட்டணம் எவ்வளவு, பட்டத்துக்கு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகார எண் என்ன, ஆய்வுக்கூடப் பயிற்சி எத்தனை மணி நேரம். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கிறவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் வாங்கினாலும் எவ்வளவு சிறிய கடனாக முடியும் என்று அப்பாவே கண்டுகொள்வார். எஸ்டிபிஎம் 3.50 வைத்துக்கொண்டு பெரிய கடனில் தனியார் கல்லூரிக்கு ஓட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் முதல் தெரிவாகப் பொருள் பொறியியலைப் போடுங்கள், அடுத்து பாலிமர் பொறியியல், பிறகு இயற்பியல், அதற்கும் பிறகு மின்னணுப் பொறியியல். தரவு அறிவியல் பட்டத்தைக் கடைசிக்கு முந்திய இடத்தில் வைக்கலாம். மற்றது எதுவும் கிடைக்காவிட்டால் அதையும் எடுத்து, விருப்பப் பாடங்களில் வேதியியலையும் இயற்பியலையும் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒவ்வொரு துறையின் பாடத்திட்டமும் பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு மூன்றை எனக்கு அனுப்பிவையுங்கள். துகள் படப் பயிற்சியில் எழுதிய அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். விண்ணப்பம் மூடுவதற்கு முன்னால் வாசித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா